ஏணியின் கீழிருந்து

கிரைன் விஸ்ஸேயை
எனக்குக் காலணிகளிலிருந்துதான் தெரியும்.
பதினோரு வருடம் அவரைக் கப்பல்களிடம்
கொண்டுசேர்த்த படகு என்னுடையது.
சக்கரத்தைப் பிடித்தபடி அண்ணாந்தால்
இடது குதிகால் வெளிப்பக்கம் தேய்ந்த ஒரு ஜோடி பூட்ஸ்
இரும்பு விலாவில் ஏறிப்போகும்.

அலையின் உச்சிக்குப் படகு எழும்போதே
ஏணியைப் பற்றிவிட வேண்டும்.
பள்ளத்தில் பற்றினால்
அடுத்த அலையில் படகே எழுந்துவந்து காலை நசுக்கும்.

பதினாறு வயதில்
கரையோரச் சரக்குக் கப்பலில் உருளைக்கிழங்கு உரித்தாராம்.
பிறகு ரிகாவின் மரம், சாண்டோஸின் காப்பிக்கொட்டை,
கசாபிளாங்காவின் பாஸ்பேட் தூசு.
(அது மூன்று மாதம்
காதிலிருந்து வந்துகொண்டே இருந்ததாம்.)
"உலகமெல்லாம் பார்த்திருப்பீர்கள்."
"கிடங்குச் சுவர் பார்த்தேன்," என்றார்.
"எல்லா நாட்டிலும் ஒரே பழுப்பு."

முப்பத்தொன்பதில் மீகாமன் தேர்வு.
வெற்றுத்தாளைக் கொடுத்து
ஸ்கெல்ட் ஆற்றை நினைவிலிருந்து வரையச் சொன்னார்கள்.
மிதவை, மணல்திட்டு, ஆழம், எல்லாம் வரைந்தார்.
அடுத்த குளிர்காலத்தில் ஆறு
தன்னை வேறுவிதமாக வரைந்துகொண்டது.

வருடத்துக்கு எழுபது நாள் விருந்தாளியாக வந்துபோனவர்
திடீரென்று வாரத்தில் நான்கு இரவு வீட்டில்.
பீட்டர்னெல்லைக் கேட்டா கடல் அவரைத் திருப்பித் தந்தது?
அலமாரியில் ஒரு தட்டைக் காலிசெய்ய
அவளுக்கு ஒரு வருடம் ஆனது.
செவ்வாய்க்கிழமைப் பாட்டு வகுப்பை மட்டும்
விடவே இல்லை.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள்.
ஆழம் தெரியாதவர்களிடம் போய்
இங்கே விடு என்று சொல்வது அவர் பிழைப்பு.
ஆணை கேப்டனுடையது. சொல் மட்டும் இவருடையது.
முந்நூறு மீட்டர் இரும்பு
அந்தச் சொல்லைக் கேட்டுத் திரும்பும்,
கொஞ்சம் தாமதமாக.
ஆண்ட்வெர்ப் வரை நாற்பது மைல்.
அதற்கு அப்பால் அவர் போவதே இல்லை.
ஆனால் அவர் கோட்டுப்பையில்
செபுவின் காய்ந்த மாம்பழம் இருக்கும்,
ஒடெசாக்காரர் தந்த தீப்பெட்டி இருக்கும்.
மாம்பழத்தில் பாதி எனக்கு.

பிப்ரவரி. விடியற்காலை நாலரை.
ஏணிப்படிகளுக்குப் பெயிண்ட் அடித்திருந்தார்கள்.
அடிக்கக் கூடாது. விரிசலை மறைத்துவிடும்.
அவர் டார்ச் அடித்துப் பார்த்தார்.
நானும் பார்த்தேன்.
கப்பல் ஏற்கெனவே நான்கு மணி நேரம் தாமதம்.
இருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

ஏழாவது படி.

எஞ்சினைப் பின்னுக்கு இழுத்தேன்,
யோசித்துச் செய்ததல்ல, கை செய்தது.
ஆறு நிமிடம் அவர் தண்ணீரில் கிடந்தார்.
ஒரு பூட்ஸ் மட்டும் தனியாக
ஓதத்தோடு உள்நாட்டுக்குப் போனது.

விசாரணையில் பெயிண்ட் பற்றிக் கேட்டார்கள்.
இருட்டு என்றேன்.
அவரும் இருட்டு என்றாராம்.
நாங்கள் பேசிவைத்துக்கொள்ளவில்லை.

இப்போது இடுப்பில் இரண்டு திருகாணி,
கோபுரத்தில் ஒரு நாற்காலி.
எங்கள் படகுகள் போக முடியாத இரவுகளில்
ராடார் திரையைப் பார்த்து
வானொலியில் வழி சொல்கிறார்.
தேய்ந்த குதிகாலை நான் பார்த்து
இரண்டு வருடமாகிறது. குரலுக்குத் தேய்மானம் தெரியவில்லை.

நேற்று புயல்.
ஃபிலிசிங்கனில் படகைக் கட்டிப்போட்டு
எஞ்சின் சூட்டில் கையைக் காயவைத்தபடி
கேட்டுக்கொண்டிருந்தேன்.
கரகரப்புக்கு நடுவே
கோப்பையில் கரண்டி சுற்றும் சத்தம்.
வெளியே நின்ற கப்பலின் கேப்டன், இளம் குரல், கேட்டார்:
"ஏணியை எந்தப் பக்கம் போடட்டும்?"

"வேண்டாம்," என்றார் கிரைன்.
"இன்றைக்கு யாரும் ஏறவில்லை."

கரண்டி நின்றது.
பிறகு,
"பத்து டிகிரி இடப்பக்கம்.
அப்படியே. அப்படியே வாருங்கள்."